மரத்தடியில் முரண்டு பிடிக்கும் வாடகை பூம் லிஃப்ட்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஆள் நிற்கும் கூடையை நீளும் கையால் (அந்தக் கைதான் பூம்) கிளை உயரத்துக்குத் தூக்கும் பூம் லிஃப்ட் காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. கயிறு, செயின்சா, ஆட்கள் எல்லாம் தயார். சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடுகிறது, ஆனால் கூடை ஒரு சாண்கூட எழவில்லை. வாடகைக்குக் கொடுத்த யார்டுக்குப் போன் போட்டால் மெக்கானிக் வர மதியம் ஆகும் என்கிறார்கள். மதியம் வந்தவர் ஒரு சிவப்புப் பொத்தானை வெளியே இழுத்துவிட்டு, வந்துபோன கூலிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டாவது முறை வெட்கமாகவே இருந்தது.

அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. கவாத்து வேலையில், அதாவது மரக்கிளை வெட்டும் வேலையில், வாடகை லிஃப்ட் நின்றுபோனால், பெரும்பாலும் அது கெட்டுப்போகவில்லை. வேலை செய்ய மறுக்கிறது. கால் ஒன்று தரையில் சரியாக ஊன்றவில்லை, கூடையில் பாரம் கூடிவிட்டது, வண்டி சாய்ந்து நிற்கிறது, கூடையின் கதவு முழுதாக மூடவில்லை என்று அதனிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. ஒரு விளக்கும் ஒரு பீப் சத்தமும்தான் இருக்கின்றன. ஆகவே எங்கே பழுது என்று தேடுவதற்கு முன்னால், எதற்காக மறுக்கிறது என்று கேளுங்கள். பாதி நாள் மிச்சமாகும்.

எல்லைக்கோட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொத்தான், சாவி, பெடல், கதவு, கால்களின் அடிப்பலகை, சிக்கிக்கொண்ட குப்பை, டீசல், பேட்டரியின் மெயின் சுவிட்ச் ஆகியவற்றை நாம் பார்க்கலாம். வால்வு, சென்சர், ஒயர், ஹோஸ் இவற்றில் கை வைக்கக் கூடாது. ஸ்பேனர் தேவைப்படும் எந்த வேலையும் நம்முடையது அல்ல. ‘இந்த சுவிட்சை ஒரு கம்பியால் கட்டிவிட்டால் ஓடும்’ என்று சொல்லும் ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வது சரிதான், ஓடும். கவிழப்போகும் மெஷினும் கடைசி நொடி வரை நன்றாகத்தான் ஓடும்.

சாவி போட்டும் உயிரே இல்லை

சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று அல்ல, இரண்டு: கீழே கண்ட்ரோல் பெட்டியில் ஒன்று, கூடையில் ஒன்று. இரண்டில் எது அமுங்கியிருந்தாலும் மெஷின் செத்ததுபோல் கிடக்கும். லாரியில் ஏற்றும்போது ஓட்டுநர் கூடையில் உள்ளதை அமுக்கிவிட்டுப் போவது வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. சில பொத்தான்களை இழுக்க வேண்டும், சிலவற்றைத் திருகினால்தான் வெளியே வரும்.

அடுத்தது பேட்டரியின் மெயின் சுவிட்ச். பெரும்பாலும் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புத் திருகுபிடியாக இருக்கும். மின்சாரத்தில் ஓடும் மெஷின் என்றால் சார்ஜர் இன்னும் பிளக்கில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். சொருகியிருக்கும் வரை நகர மாட்டேன் என்று நிற்கும் மாடல்கள் உண்டு. இரவு முழுவதும் சார்ஜ் போட்டும் பேட்டரி ஏறவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது எக்ஸ்டென்ஷன் ஒயரை. மெலிந்த ஒயரை 40, 50 மீட்டர் இழுத்தால் வோல்டேஜ் குறைந்துபோய், சார்ஜர் பேருக்குத்தான் எரிந்துகொண்டிருக்கும்.

எஞ்சின் ஓடுகிறது, பூம் அசையவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால், கீழேயிருந்து மேலே ஒரே வரிசையில் போக வேண்டும். அங்கொன்று இங்கொன்றாகத் தொட்டுப் பார்த்தால் எது சரியானது என்றே தெரியாது.

முதலில் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ள தேர்வுச் சாவி ‘தரை’ என்ற பக்கம் இருந்தால் கூடையில் உள்ள ஜாய்ஸ்டிக் வெறும் பொம்மை. மேலே ஏறி நின்றவர் பத்து நிமிடம் ஆட்டிக்கொண்டிருப்பார். கீழே ஒருவர் சாவியைத் திருப்பினால் முடிந்தது.

அடுத்தது கால்கள். டிரெய்லரில் இழுத்து வரும் லிஃப்ட், எட்டுக்கால் பூச்சிபோல் விரியும் ஸ்பைடர் லிஃப்ட், லாரிமேல் பொருத்தியது என எதுவானாலும், வண்டி கவிழாமல் விரித்து ஊன்றும் நான்கு அவுட்ரிகர் கால்களும் தரையை அழுத்துகின்றன என்று சென்சர் சொன்னால்தான் பூமுக்கு உத்தரவு போகும். நான்கு விளக்குகளில் ஒன்று எரியாவிட்டால், அந்தக் காலின் அடியில் போய்க் குனிந்து பாருங்கள். கண்ணுக்கு ஊன்றியதுபோல் இருக்கும். ஆனால் மண் மெத்தென்று இறங்கி, பாரம் ஏறாமல் நிற்கும். ஒரு விரல் அளவு இறக்கினாலே விளக்கு எரியும். எரிந்தவுடன் நடுவில் உள்ள ரசமட்டக் குமிழையும் பார்த்துவிடுங்கள், ஒரு காலை மட்டும் இறக்கினால் மட்டம் மாறியிருக்கும்.

கால்கள் சரி, சாவி சரி, இன்னும் அசையவில்லை என்றால் பிரச்சினை கூடைக்குள் இருக்கிறது. கவாத்து வேலைக்கே உரிய கோளாறுகள் இங்கேதான் குடியிருக்கின்றன. கூடையின் தரையில் மரத்தூளும் சிராய்களும் இரண்டு விரல் உயரம் சேர்ந்துவிட்டால், மிதித்தால்தான் பூமை அசையவிடும் கால் பெடல் முழுதாக அமுங்காது. பெடலுக்கு அடியில் ஒரு சுள்ளி சிக்கினாலும் அதே கதைதான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: தூள் அடைத்துப் பெடல் மேலே எழும்பாமல் அமுங்கியே கிடக்கும். அப்போது மெஷின், பெடல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி மறுக்கும். ஒருசில மாடல்களில் பெடலை மிதித்த 7 நொடிக்குள் ஜாய்ஸ்டிக்கைத் தொடாவிட்டால் உத்தரவு ரத்தாகிவிடும். காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். தெரியாதவருக்கு இது ‘விட்டுவிட்டு வேலை செய்யும்’ கோளாறாகத் தெரியும்.

கூடையின் கதவு, இடுப்புக் கம்பி இரண்டையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். கதவுக்கு சென்சர் உள்ள மெஷினில், பிசின் ஒட்டிய கீல் கடைசி ஒரு விரற்கடை மூடாமல் நிற்கும். இதற்கு ஒரு சின்ன பிரஷ் போதும். நான் கூடையிலேயே ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெடலைச் சுற்றிப் பெருக்குவதை வேலையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பூம் இறங்கிவிட்டது, கால்கள் மடங்க மறுக்கின்றன

சாயங்காலக் கோளாறு. எல்லோரும் களைத்து, வீட்டுக்குப் போகும் நினைப்பில் இருக்கும்போதுதான் வரும். பூம் தன் தாங்கியில் முழுதாக உட்கார்ந்தால்தான் அங்கே உள்ள சுவிட்ச் அமுங்கும். அது அமுங்கினால்தான் கால்கள் எழும். நாள் முழுக்க மேலிருந்து கிளை விழுந்த இடத்தில் அந்தத் தாங்கியும் இருக்கிறது. கட்டைவிரல் தடிமன் உள்ள ஒரு குச்சி அதில் கிடந்தாலே பூம் அரை அங்குலம் உயர்ந்து நிற்கும். பூமைக் கொஞ்சம் தூக்கி, தாங்கியைச் சுத்தம் செய்து, மறுபடி இறக்குங்கள். கையை உள்ளே விடும்போது மற்றொருவர் கண்ட்ரோலில் நிற்கக் கூடாது. அவசர நிறுத்தப் பொத்தானை அமுக்கிவிட்டு, குச்சியை ஒரு நீளக் கொம்பால் தள்ளுங்கள்.

வேலை நடுவில் அலாரம் அடித்து நின்றுவிடுகிறது

இதில் மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: பாரம், எட்டும் தூரம், சாய்வு.

பாரத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 280 ஓர் ஆளுக்கு 80 கிலோ, கருவிகளுக்குக் குறைந்தது 40 கிலோ என்று கணக்கு வைக்கிறது. அதாவது இரண்டு பேர் கூடை என்றால் 200 கிலோ, ஒருவர் கூடை என்றால் 120 கிலோ என்பது அடிமட்டக் கணக்கு. மெஷினின் தகட்டில் எழுதியிருப்பதுதான் கடைசி வார்த்தை. பெரிய உடம்பு, சேஃப்டி பெல்ட், ஹெல்மெட், இரண்டு செயின்சா, பெட்ரோல் கேன், ஈரமான கயிறு என்று கூட்டிப் பாருங்கள். கிளையைத் தொடுவதற்கு முன்பே வரம்பு நெருங்கியிருக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள பச்சைக் கட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 60, 70 கிலோ வரும். ‘கீழே பூச்செடி இருக்கிறது, இதை மட்டும் கூடையில் வைத்து இறக்கிவிடலாம்’ என்று நினைக்கும் அந்த ஒரு கட்டைதான் அலாரத்தை அடிக்க வைக்கிறது. கட்டையைக் கயிற்றில் கட்டி மரத்தின் மேலேயே ஒரு கவட்டையில் போட்டு இறக்க வேண்டும். கூடையையோ பூமையோ கிரேனாக்கி அதில் கயிறு கட்டி இறக்குவது அறவே கூடாது. ஆளையும் கருவியையும் தூக்கத்தான் அது கட்டப்பட்டிருக்கிறது.

பாரமே இல்லாமல் பார அலாரம் அடித்தால், கூடை எதிலோ மோதி நிற்கிறது. கூடையின் அடியோ கம்பியோ ஒரு கிளைமேல் உட்கார்ந்திருக்கும், அல்லது ஒரு கிளையை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். சென்சருக்கு அது கிளையா ஆளா என்று தெரியாது. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளைமேல் உட்கார்ந்த கூடையை இன்னும் இறக்கிக்கொண்டே போனால், பூமின் பாரம் கிளைமேல் ஏறும். கிளை முறிந்தால் கூடை சட்டென்று விழுந்து குலுங்கும். நேர்மாறாக, மேலே தள்ளிக்கொண்டிருக்கும் கிளையை அறுத்துவிட்டால் கூடை வில்போல் எகிறும், உள்ளே நிற்பவரையும் வெளியே வீசும். பெல்ட்டின் கயிறு குட்டையாக, கூடையில் உள்ள கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். பெல்ட்டை மரத்தில் கட்டிக்கொண்டு கூடையில் நிற்பது இன்னும் மோசம்: கூடை நகர்ந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது ஆள்.

எட்டும் தூரம் பற்றிய அலாரம் எளிது. பூமை நீட்டிக்கொண்டே போகும்போது அலாரம் வந்தால், பூமை உள்ளே இழுத்தால் நின்றுவிடும். வண்டியைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும், வேறு வழி இல்லை. சாய்வு அலாரம் சக்கரத்தில் ஓடும் பூம் லிஃப்ட்களில் வருவது. பல மாடல்களில் 3 முதல் 5 டிகிரிக்குள்ளேயே அடித்துவிடும். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் புல்வெளிகூட அந்த அளவு சாய்ந்திருக்கும். அலாரம் அடிக்கும்போது செய்ய வேண்டிய வரிசை ஒன்று உண்டு: முதலில் பூமை உள்ளே இழுங்கள், அப்புறம் இறக்குங்கள். நீட்டிய பூமை அப்படியே இறக்கினால் கூடை வெளிப்பக்கம் தள்ளிப்போய், சாய்க்கும் விசை கூடும். பதற்றத்தில் எல்லோரும் முதலில் இறக்கத்தான் பார்ப்பார்கள்.

ஒரு கால் பதிகிறது, அல்லது ஒரு கால் லேசாகிவிடுகிறது

நான் மிகவும் பயப்படும் அறிகுறி இது. மற்றவற்றில் மெஷின் மறுக்கிறது. இதில் தரை மறுக்கிறது.

ஒரு காலின் மேல் 3 டன் பாரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. விட்டமுள்ள இரும்புப் பாதத்தின் பரப்பு ஏறக்குறைய 314 சதுர செ.மீ. அப்படியானால் ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணும் கிட்டத்தட்ட 9.5 கிலோவைத் தாங்க வேண்டும். அதே பாதத்தின் அடியில் 60-க்கு 60 செ.மீ. கெட்டிப் பலகை ஒன்றைப் போட்டால் பரப்பு 3,600 சதுர செ.மீ.; அழுத்தம் 0.83 கிலோவாக இறங்கிவிடுகிறது. பதினொன்றில் ஒரு பங்கு. பலகை வளையாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். மெல்லிய பிளைவுட் நடுவில் குழிந்து, பாதத்தின் அளவுக்கே வேலை செய்யும். யார்டு கொடுக்கும் பலகைகள் சில சமயம் பாதத்தைவிடச் சற்றே பெரியவை, அவ்வளவுதான். சொந்தமாக நான்கு பலகை வைத்துக்கொள்வது நல்லது.

மரத்தடி மண் ஏமாற்றும். இலைச் சருகு மட்கி மெத்தென்று இருக்கும். வேர்கள் ஒரு பக்கம் தாங்கும், மறுபக்கம் ஒன்றும் இருக்காது. முன்பு வெட்டிய மரத்தின் தூர் மட்கி உள்ளே பொந்தாகி, மேலே புல் முளைத்திருக்கும். கழிவுநீர்த் தொட்டி, பழைய கிணற்று மூடி, புதைத்த குழாய் இவற்றின் மேல் கால் விழக் கூடாது. இடத்துக்குச் சொந்தக்காரரிடம் கேளுங்கள், ஆனால் அவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கடப்பாரையால் குத்திப் பாருங்கள். காலையில் மழை பெய்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் பலகைகளைப் பாருங்கள். பூமை ஒருமுறை எல்லாப் பக்கமும் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள், ஏனென்றால் பூம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக் காலில்தான் பாரம் ஏறுகிறது. வேரின் மேல் கால் ஊன்றினால் மரத்துக்கும் காயம். காப்பாற்ற வந்த மரத்தின் வேரை நசுக்கிவிட்டுப் போவது தொழிலுக்கு அழகல்ல.

எதிர்ப்பக்கத்துக் கால் லேசாகி, அதன் விளக்கு அணைந்தால் கீழே உள்ளவர் உடனே கத்த வேண்டும். பூமை உள்ளே இழுத்து, இறக்கி, முதலில் இருந்து ஊன்றுங்கள். தூக்கிய நிலையில் காலை மட்டும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பதிந்த இடத்திலேயே இன்னொரு பலகையைச் செருகுவதும் வேண்டாம், வண்டியையே நகர்த்துங்கள்.

மெதுவாக, இழுத்து இழுத்து நகர்கிறது

குளிர்காலக் காலையில் ஹைட்ராலிக் ஆயில் கெட்டியாக இருக்கும். பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, பூமை மெதுவாக இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். கூடவே பம்பிலிருந்து கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் ஆயில் குறைந்து காற்றை உறிஞ்சுகிறது. ஆயில் அளவைப் பூமும் கால்களும் மடங்கிய நிலையில்தான் பார்க்க வேண்டும். நீட்டியிருக்கும்போது சிலிண்டருக்குள் போன ஆயில் டேங்கில் காட்டாது. அது தெரியாமல் மேலும் ஊற்றிவிட்டு, மடக்கியதும் பொங்கி வழிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மதியத்துக்குமேல் எஞ்சின் சூடேறித் திணறினால் ரேடியேட்டரைப் பாருங்கள். பொடி மரத்தூள் கம்பளிபோல் அப்பியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிரஷ் போடுங்கள். பூம் உயரத்தில் இருக்கும்போது வண்டி ஆமைபோல் நகர்வது மட்டும் கோளாறு அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

தூக்கி நிறுத்திய பூம் தானாக இறங்குகிறது

இரண்டு விதம். மதிய வெயிலில் சூடான ஆயில் சாயங்காலம் ஆறும்போது சுருங்கும். மணிக்கணக்கில் அசையாமல் நின்ற பூம் அப்போது சிறிது தாழ்வது இயல்பு. ஆனால் எஞ்சினை நிறுத்தி, கூடையை ஆளில்லாமல் தலை உயரத்தில் வைத்து, ஒரு மரக்கட்டையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்க்கும்போது, சில நிமிடங்களிலேயே கண்ணுக்குத் தெரிய இறங்கினால் அது வால்வோ சிலிண்டர் சீலோ விட்டுவிட்டது. இது மறுப்பு இல்லை, நிஜமான பழுது. அன்றைக்கு அந்த மெஷினில் யாரும் ஏறக் கூடாது. வேறு மெஷின் கேளுங்கள். அதோடு சோதனைச் சான்றையும் கேளுங்கள். பிரிட்டனில் ஆளைத் தூக்கும் கருவிகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை கட்டாயம். அமெரிக்கத் தரவிதி 3 மாதம் அல்லது 150 மணி நேர ஓட்டம், எது முந்துகிறதோ அது என்கிறது. எந்த ஊர் யார்டானாலும் கடைசிச் சோதனைத் தேதியைச் சொல்ல முடியாமல் விழித்தால், அதுவே ஓர் அறிகுறி.

எங்கோ ஆயில் கசிகிறது என்று தோன்றினால் ஹோஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அவ்வளவாக இருக்காது. ஆனால் அது உடனடியாக அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய காயம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், நனைந்தால் கசிவு.

மேலே போனபின் மெஷின் நின்றுவிட்டது

முதலில் கூடையில் உள்ளவர் தன் பொத்தானைப் பார்க்க வேண்டும். கிளை விழுந்து அமுக்கியிருக்கும், அல்லது இடுப்பில் தொங்கும் கருவி இடித்திருக்கும். டீசல் தீர்ந்துபோவதும் நடக்கும், சிரிக்காதீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கீழே உள்ளவர் தரைக் கண்ட்ரோலில் முயல வேண்டும். அதுவும் இல்லை என்றால் அவசர இறக்கம்: மாடலைப் பொறுத்து பேட்டரியில் ஓடும் துணைப் பம்போ, கையால் அடிக்கும் பம்போ, மெதுவாக ஆயிலை விடும் வால்வோ இருக்கும்.

அது எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாவிட்டால் இருந்தும் இல்லாத கணக்கு. மெஷின் வந்து இறங்கியதும், கொண்டுவந்தவர் கிளம்புவதற்கு முன், ஆளில்லாத கூடையை ஒரு ஆள் உயரம் தூக்கி, எஞ்சினை அணைத்து, அவசர முறையிலேயே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. ஒருமுறை எங்கள் குழுவில் கைப்பம்பின் கைப்பிடியே வண்டியில் இல்லை என்பது இப்படித்தான் தெரியவந்தது. அன்றைக்கு மேலே யாரும் இல்லை என்பதால் அது ஒரு போன் காலோடு போயிற்று.

கூடையில் இருப்பவர் பூம் வழியாகவோ மரத்துக்குத் தாவியோ இறங்கக் கூடாது. காத்திருப்பது அலுப்புதான். தண்ணீர் பாட்டிலும் போனும் கூடையில் இருக்கட்டும்.

கிளையைத் தொட்டதும் சுருக்கென்றது

நிறுத்துங்கள். பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும். எங்கோ இலைகளுக்குள் ஒரு கம்பி உரசுகிறது. வாடகைக்கு வரும் பெரும்பாலான பூம் லிஃப்ட்கள் மின்காப்பு இல்லாதவை. ரப்பர் டயர் இருக்கிறது, கூடை ஃபைபர் என்பதெல்லாம் காப்பு ஆகாது; மின்காப்பு உள்ள பூமுக்குத் தனியாகச் சோதனைச் சான்று இருக்கும். எதையும் தொடாமல் கூடையை விலக்க முடிந்தால் விலக்குங்கள், முடியாவிட்டால் கூடையிலேயே இருங்கள். கீழே உள்ளவர்கள் வண்டியைத் தொடாமல் தள்ளிப் போய், மின் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் இணைப்பைத் துண்டித்ததாக உறுதி சொல்லும்வரை வேலை இல்லை. அமெரிக்க விதியில் 50 கிலோவோல்ட் வரை 10 அடி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர் விலகல் கேட்கிறார்கள். உங்கள் நாட்டு விதி அதைவிட அதிகம் கேட்டால் அதுதான் கணக்கு. ஆளுக்கும் கூடைக்கும் மட்டுமல்ல, கையில் உள்ள நீளக் கொம்பு ரம்பத்துக்கும் அறுந்து விழும் கிளைக்கும் சேர்த்துத்தான் அந்தத் தூரம்.

காற்றில் கூடை ஆடுகிறது

வெளியில் பயன்படுத்தும் பூம் லிஃப்ட்களுக்கு வழக்கமான வரம்பு நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. தகட்டில் பூஜ்யம் என்று போட்டிருந்தால் அது கட்டடத்துக்குள் மட்டும் பயன்படுத்தத் தக்க மெஷின். மாற்றி அனுப்பிவிட்டார்கள், திருப்பி அனுப்புங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. என் அளவில் வரம்பு வரும்வரை நான் காத்திருப்பதில்லை. மெஷின் தாங்கினாலும், ஆடும் மர உச்சியில் செயின்சாவை வைப்பது வேறு கதை.

எல்லாம் சரி, கிளைக்கு மட்டும் எட்டவில்லை

இது போனில் ஆர்டர் கொடுத்த அன்றே நடந்த பிழை. ‘20 மீட்டர் லிஃப்ட்’ என்றால் பெரும்பாலும் அது வேலை செய்யும் உயரம். கூடையின் தரை 18 மீட்டரில்தான் நிற்கும். ஆள் கை நீட்டும் 2 மீட்டரைச் சேர்த்துத்தான் விளம்பரம். மரத்துக்கு உயரத்தைவிடப் பக்கவாட்டு எட்டம் முக்கியம். தண்டுக்கு அருகே வண்டி போக முடியாது, வேர் இருக்கிறது, சுவர் இருக்கிறது. ஆக 8 மீட்டர் தள்ளி நின்று, 14 மீட்டர் உயரத்தில் உள்ள கிளைக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் அந்த மெஷின் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எட்ட வரைபடத்தில்தான் தெரியும். வரைபடத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் எடுக்காதீர்கள்.

நேராக நீளும் பூம் திறந்தவெளியில் ஓரமாக நிற்கும் மரத்துக்கு நல்லது. கிளைகளுக்கு நடுவே நுழைய வேண்டும், வேலியைத் தாண்டி வளைய வேண்டும் என்றால் முழங்கை மடிப்பு உள்ளது வேண்டும். குறுகிய வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் போக வேண்டுமானால் ஸ்பைடர் லிஃப்ட். சிறியவை ஒரு மீட்டருக்கும் குறைவான அகலத்தில் மடங்கும். சரிவிலும் கால்களை ஏற்றியிறக்கி மட்டம் செய்துகொள்ளும். நேராக மட்டும் எழும் கத்தரி லிஃப்ட்டை மர வேலைக்கு மலிவு என்று எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்காக வெட்டிய வேலிச்செடிக்கு ஆகும், மரத்துக்கு ஆகாது.

எட்டாத கிளைக்காகக் கூடைக் கம்பியின்மேல் ஏறி நிற்பது, உள்ளே ஏணி போடுவது இரண்டும் கிடையாது. கொம்பு ரம்பத்தால் முடியவில்லை என்றால் அந்தக் கிளையை இன்றைக்கு விட்டுவிடுங்கள்.

திருப்பி ஒப்படைத்தபின் பில் எகிறுகிறது

இதுவும் ஒரு கோளாறுதான், இதையும் முதல் நாளிலேயே சரிசெய்ய வேண்டும். வாடகை நாள் கணக்கா, எஞ்சின் ஓடிய மணிக் கணக்கா என்று கேளுங்கள். நாளுக்கு 8 மணி நேர ஓட்டம் என்ற வரம்பு வைத்து, மேலே போனால் கூடுதல் போடும் வழக்கம் உண்டு. மெஷின் வந்ததும் ஓட்ட மீட்டரையும் டீசல் அளவையும், ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கலையும் போட்டோ எடுங்கள், போகும்போதும் எடுங்கள். கூடையின் கம்பி, பூமின் பக்கவாட்டில் ஓடும் ஒயர்ச் சங்கிலி, ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் உறை இந்த மூன்றையும் கிட்டத்தில் எடுங்கள், கிளை கிழிப்பது அங்கேதான். சேதக் காப்புக்குப் பணம் கட்டியிருந்தாலும் மேலிருந்து விழுந்ததால் வந்த சேதம், டயர், தவறான பயன்பாடு போன்றவற்றை ஒப்பந்தம் ஒதுக்கிவைத்திருக்கக்கூடும். கவாத்து வேலையில் மேலிருந்து விழுவதைத் தவிர வேறென்ன நடக்கிறது? அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிசினும் தூளுமாக ஒப்படைத்தால் சுத்தம் செய்யும் கூலி சேரும். ஊதுகுழல் மெஷின் உங்களிடம் இருக்கிறது, அரை மணி நேரம் போதும். கடைசியாக, வேலை முடிந்தது என்று யார்டுக்குச் சொல்லும்போது அதற்கு ஓர் எண்ணோ குறுஞ்செய்தியோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் லாரி வந்து ஏற்றும் நாள்வரை அல்ல, நீங்கள் சொன்ன நேரம்வரைதான் வாடகை. சொன்னதற்குச் சாட்சி இல்லாமல், உங்கள் தோட்டத்தில் சும்மா நின்ற மூன்று நாளுக்கும் சேர்த்துப் பில் வந்தால், வாதாடக் கையில் ஒன்றும் இருக்காது.